மொட்டையடிச்ச சால்வியா

எங்க அண்ணியோட சலூன்ல முடி வெட்டிக்க உட்கார்ந்து, "கொஞ்சமா எடுங்க"ன்னு சொன்னா காதுலயே விழாது. பாதி முடி தரையில கிடக்கும். ஆனா எழுந்து கண்ணாடியைப் பார்த்ததும் வந்தவங்களுக்கு வாயெல்லாம் பல். அப்படி ஒரு கைராசி!

அந்தக் கை தோட்டத்துலயும் சும்மா இருக்காது. வீட்டுக்குப் பின்னால, நாள் முழுக்க வெயில் அடிக்கிற இடத்துல, வரிசையா சால்வியா பூச்செடி. ஒரு தடவை நட்டா வருஷா வருஷம் தழைச்சு வர்ற ஜாதி. ஊதாக் கதிர் ஒவ்வொண்ணும் ஒரு சாண் இருக்கும். அண்ணி பொண்ணு ஒத்தக்கால்ல நின்னா: "என் கல்யாணம் இந்தப் பூவுக்கு நடுவுலதான்."

பையன் அவளே பார்த்துக்கிட்டவன். அண்ணன் உடனே தலையாட்டிட்டார். அண்ணி மட்டும் சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. அம்மா வாயிலேருந்து ஒரு சம்மதம் வராதான்னு பொண்ணு தவியா தவிச்சா.

கல்யாணத்துக்கு ஒன்றரை மாசம் இருக்கறப்போ ஒரு காலையில போய்ப் பார்க்கிறேன், தோட்டமே மொட்டை! கதிரெல்லாம் குப்பைக்கூடையில. பொண்ணு பொலபொலன்னு அழறா.

"உனக்குப் பிடிக்கலைன்னா நேரா சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா! பூ என்ன பாவம் பண்ணுச்சு?"

"அடி பைத்தியமே, வாடின கதிரை வெட்டினாத்தான்டி திரும்பப் பூக்கும்."

யாரு நம்புறது? நானே நம்பலை. எங்க அண்ணன் வேற தீயணைப்பு வண்டி டிரைவர். அழுகைச் சத்தம் கேட்டா அவர் கை தானா குழாயைத் தேடும். செடி பாவம்னு தினமும் தோட்டத்தை வெள்ளக்காடாக்கினார். இலையெல்லாம் மஞ்சளாச்சு. அண்ணி பார்த்தாங்களே ஒரு பார்வை!

"இதுக்கு ஈரம் ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்றது? எரியற வீட்டுக்குப் போங்க, என் செடியை விடுங்க!"

குழாயைச் சுருட்டி அலமாரியில வச்சுப் பூட்டிட்டாங்க. மண்ணைக் கிளறிக் காயவிட்டாங்க. சலூனுக்குப் போனாக்கூட அரை மனசோடதான் போனாங்க.

அடியில விட்டுவச்ச இலைக்கு நடுவுல துளிர் வந்துச்சு, துளிர்ல மொட்டு. கல்யாணத்தன்னிக்கு, ஐயோ, முன்னைவிட அடர்த்தியா பூத்துக் குலுங்குது! தேனீ, பட்டாம்பூச்சி எல்லாம் அழைக்காமலே ஆஜர். எனக்குத் தலைகால் புரியலை, கண்டவங்களை எல்லாம் கட்டிப் பிடிச்சேன். பொண்ணு மட்டும் பூவைப் பார்க்காம அம்மா முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னா.

பையன் போட்டோவுக்காகப் பின்பக்கமா நகர்ந்து செடிக்குள்ள கால் வைக்கப் போனான். அண்ணி போட்ட சத்தத்துல எல்லாரும் திரும்பிட்டாங்க.

"மாப்பிள்ளை! பார்த்து, தேனீ கொட்டிடப் போகுது! இப்படி என் பக்கத்துல வந்து நில்லுங்க!"

'மாப்பிள்ளை'ங்கிற வார்த்தை அண்ணி வாயில வந்தது அன்னிக்குத்தான் முதல் தடவை. பொண்ணு சிரிச்சுக்கிட்டே அழுததுல கண்மை எல்லாம் கன்னத்துல.