ஏழு தண்ணீர் கழுவிய மெஷின்

அக்குறணை ரபீகாவின் கட்லட்டை ஒரு கலியாண வீட்டில் தின்றவர்கள் அடுத்த கலியாண வீட்டிலும் அதைத்தான் தேடினார்கள். மலேரியாக் காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போன வருடம் புருஷன் மௌத்தான பிறகு, அந்தக் கட்லட்தான் அவளுக்குச் சோறு போட்டது. மாட்டிறைச்சியைக் கத்தியாலேயே பொடிப்பொடியாகக் கொத்துவாள். இரண்டு வருடம் கொத்தியதில் வலக்கை விரல்கள் வீங்கி மடங்கிப் போயின. நாற்பது வயதுகூட ஆகவில்லை. காலையில் சட்டியைத் தூக்க முடியாமல் உட்கார்ந்து அழுவாள்.

கூடப்பிறந்த தம்பி பாரூக் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது பங்களாச் சாமான்களைக் கண்டியில் ஏலம் விட்டார். அங்கேயிருந்து இறைச்சி அரைக்கிற கை மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். மேசை ஓரத்தில் முறுக்கிப் பொருத்தி, மேலே இறைச்சியைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்ற வேண்டியதுதான்.

"இனி ஒங்கட கைக்கு நோவில்ல ராத்தா," என்றான்.

அக்காளுக்குச் சந்தோஷந்தான். ஆனால் துரை வீட்டு மெஷின். அதில் பன்றி அரைத்தார்களோ இல்லையோ, யார் கண்டது? மனம் கேட்காமல் பள்ளிவாசல் லெப்பையிடம் ஆள் விட்டுக் கேட்டாள். சந்தேகமாயிருந்தால் ஏழு தண்ணீர் கழுவட்டும், அதில் ஒன்று மண் கரைத்த தண்ணீராக இருக்கட்டும், சுத்தமாகிவிடும் என்று அவர் சொல்லியனுப்பினார். அவர் சொன்னதும் சரி, இவள் செய்ததும் சரி. செய்த இடம்தான் பிசகு. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கழுவக் கூடாதா, பாவி மகள்! நாலு வீட்டுப் பெண்கள் தண்ணீர் அள்ளுகிற கிணற்றடிக்கு எடுத்துப் போனாள். மண்ணைக் கரைத்து ஊற்றி, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக் கழுவினாள். பன்றியோ நாயோ பட்டதைத்தான் மண் போட்டு ஏழு தரம் கழுவுவார்கள் என்று தெரியாத பெண் அக்குறணையில் உண்டா? சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது.

மெஷினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரை நாள் வேலையை அரை மணியில் முடித்தது, விரலும் நோகவில்லை. ஆனால் மகள் கலியாணத்துக்கு இருநூறு கட்லட் சொல்லியிருந்த கைரியா அடுத்த வாரமே வந்தாள்.

"லெப்பை சுத்தமெண்டு செல்லிட்டார். நாங்க இல்லண்டு செல்லல்ல ரபீகா. மாப்புள ஊட்டு ஆக்களுக்குத்தான் அருவருப்பு."

"மெஷினத் தொடல்ல. கத்தியால கொத்தித் தாறன்."

"இந்தக் கையால இருநூறுக்குக் கொத்தினதெண்டா யாரு நம்புவாங்க?"

ரபீகா மடங்கிய விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கைரியாவுக்குப் பின்னால் மற்றவர்களும் கட்லட் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதம் ஒருத்தரும் படியேறவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பாரூக் சாப்பிட வந்தான். ஊர் கிடக்கட்டும், தம்பி இருக்கிறானே என்று மெஷினில் அரைத்து நாலு கட்லட் பொரித்து வைத்திருந்தாள். அவன் பருப்பைப் பிசைந்து சோற்றைத் தின்றான். கட்லட்டைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான்.

"ஏன்டா?"

"வயிறு சரியில்ல ராத்தா," என்றான், முகத்தைத் தூக்காமல்.

அவளுக்கு நெஞ்சு வெந்துபோயிற்று. அவன் ஒதுக்கியதை எடுத்துக் கடித்தாள். ருசி எப்போதும் போலத்தான் இருந்தது. எவ்வளவு மென்றும் அவளுக்கும் அது தொண்டையில் இறங்கவில்லை.