மாடி வீட்டு ஊறுகாயும் அம்மாவின் தயிரும்

“சிந்தாம சாப்டுங்கடா” என்று முணுமுணுத்தபடி, அக்கா வரிசையாக நிற்கும் சோதனைக் குழாய்களில் சர்க்கரைக் கரைசலை விடுகிறாள். காப்பிக்குப் போடும் சர்க்கரை அல்ல. வெங்காயத்திலும் பூண்டிலும் நீளச் சங்கிலியாக இருப்பது; நம் வயிற்றுக்குச் செரிக்காது, சில பாக்டீரியாக்கள்தான் தின்னும். புளித்த உணவுகளில் வாழும் பாக்டீரியாக்களில் எவை தின்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. தின்றால் கரைசலில் கலந்திருக்கும் ஊதாச் சாயம் மஞ்சளாகும். ஆகாவிட்டால், “இதுக்கு நாக்கு நீளம்” என்பாள்.

அதே ஆய்வுக்கூடத்தில் ஃப்ரீசர் மெக்கானிக் நான். என்னை ஒருநாளும் அவள் இப்படிக் கொஞ்சிச் சாப்பிடச் சொன்னதில்லை.

அந்தக் குழாய்களில் ஒன்று எங்கள் அம்மா. அதாவது, அம்மாவின் தயிரிலிருந்து அக்கா பிரித்தெடுத்த பாக்டீரியா. அம்மா சுண்டுவிரலைப் பாலில் விட்டுச் சூடு பார்ப்பாள். ஒரு கரண்டி பழைய தயிரை ஊற்றி, தட்டால் மூடி, அடுப்பு மேடை ஓரமாக வைப்பாள். காலையில் தட்டைத் திறந்ததும் வருமே ஒரு மணம்! அந்தப் புளிப்பு இன்னும் என் நாக்கைவிட்டுப் போகவில்லை. அவள் இறந்த துக்கத்தில் யாரும் உறை ஊற்றவில்லை, பாத்திரம் காய்ந்துவிட்டது. பிறகு கடைத் தயிர்தான். மிச்சம், அக்காவின் ஃப்ரீசரில் ஒரே ஒரு குப்பி.

அந்தப் பெரிய ஃப்ரீசரும் கிழடு தட்டிக் கையை விரித்தது. சின்னதில் இந்தச் சர்க்கரையைத் தின்பவற்றுக்கு மட்டுமே இடம், மற்றதைக் கழித்துவிடுங்கள் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். அம்மாவின் குழாய் ஊதாவாகவே நின்றது. மறுபடி வைத்தாள், மறுபடியும் ஊதா.

“ஒரு குப்பிதானேக்கா, ஓரமா வச்சுக்கயேன்.”

“திங்காதத திங்குதுன்னு எழுதச் சொல்றியா? அம்மா இருந்தா காதத் திருகிடுவா.”

அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

கடைசியாக, தின்னத் தெரிந்த ஒன்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். அது மாடி வீட்டம்மாவின் ஊறுகாயிலிருந்து எடுத்தது. மாடியில் காயும் துணி எங்கள் ஜன்னலில் சொட்டுகிறது என்று, அம்மா கடைசிவரை அவரோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஊறுகாய் பாக்டீரியா நீளச் சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்கியது. சிதறிய துண்டுகளை அம்மாவுடையது பொறுக்கித் தின்றது. அந்தக் கலவையில் ஒரு துளியைத் தட்டில் பரப்பி வளர்த்தபோது, ஊறுகாயின் பெரிய வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே அம்மாவின் பொடிப்புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன.

“பாருடா! தண்ணி சொட்டுதுன்னு என்ன சண்ட போட்டா! இப்ப அவங்க வீட்டு மிச்சத்த வழிச்சு வழிச்சுத் திங்கறா!” சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

ஜோடியாகத் தின்றாலும் தின்றதுதான் என்று டைரக்டர் ஒப்புக்கொண்டார். சின்ன ஃப்ரீசரில் அக்காவே குப்பிகளை அடுக்கினாள். அந்தக் குளிரில் எதுவும் எதையும் தின்னாது, எல்லாம் உறைந்து உறங்கும். அது எனக்கே தெரியும். ஆனாலும் மாடி வீட்டுக் குப்பியைத் தேடி எடுத்து, அம்மாவின் குப்பிக்குப் பக்கத்துக் குழியில் செருகிய பிறகே கதவைச் சாத்தினாள்.