ஏரிக்கரையில் ரைஸ் குக்கர்

மின்கம்பத்தில் டக்கென்று சத்தம் கேட்டது. பக்கத்துக் கரவன் வண்டியில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்ன வயதில் அப்பா, டென்மார்க்கில் நாங்கள் இருந்த இக்காஸ்ட் ஊரிலிருந்து எங்களை இதே ஏரிக்கரைக்குத்தான் கூடாரமடிக்கக் கூட்டிவருவார். சுற்றியிருந்த டெனிஷ்காரர்கள் கரியடுப்பில் சோசேஜ் சுட்டுப் பாண் துண்டுக்குள் வைத்துச் சாப்பிடுவார்கள். அப்பா மட்டும் கூடார வாசலில் ரைஸ் குக்கரையும் மின்னடுப்பையும் ஒன்றாகப் போடுவார். சோறு கொதிக்கும், மீன்கறி கொதிக்கும், படகில் போகிறவர்கள்கூட மணத்துக்குத் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு டக். எங்கள் வரிசை முழுவதற்கும் கறண்ட் போய்விடும்.

“ஒருக்காப் பாண் சாப்பிட்டால் என்னப்பா?”

“பாணைத் திண்டிட்டு மனுசன் படுக்கிறதே? ஒஃபீசிலை போய்ச் சொல்லிப்போட்டு வா பிள்ளை.”

வீட்டில் டெனிஷ் ஒழுங்காகக் கதைப்பவள் நான்தான். அரைவேக்காட்டுச் சோற்று மணம் உடுப்பில் ஒட்டியிருக்க, ஒவ்வொரு கோடையும் நானே முகாம் ஒஃபீசுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, கறண்டைத் திரும்பப் போடச் சொன்னேன். பாணும் சீஸும் போதும் என்ற லார்ஸைக் கலியாணம் கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது கூடாரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். அப்பா மடக்குக் கதிரையில் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குக்கருக்கும் மின்னடுப்புக்கும் நடுவில் அகப்பையோடு நின்றது லார்ஸ். “சோறில்லாமல் எனக்கு நித்திரை வராது” என்றார் டெனிஷில்.

“அப்ப அவரே போய்ச் சொல்லட்டும்” என்றேன் அப்பாவிடம்.

“பாவம், அவர் டெனிஷ்காரர். அவருக்கு வெக்கமாயிருக்கும். நீ போ பிள்ளை, உனக்குப் பழக்கந்தானே.”