நாரைக்குக் கட்டிய முடிச்சு

குஸ்தி மேடை ஏறுகிறவன் தன் முகமூடியின் முடிச்சைத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது என்பது கொர்தேரோ வீட்டு வழக்கம். தலைக்குப் பின்னால் கையை வளைத்துக் கட்டினால் கயிறு இளகும். இளகிய கயிற்றை எதிராளி ஒரே இழுப்பில் அவிழ்த்துவிடுவான். அதனால் அண்ணனுக்குத் தம்பி கட்டினான், தம்பிக்கு அண்ணன் கட்டினார்.

கட்டுகிற இடம் பெரும்பாலும் ஏதாவது ஒரு சோளக்காடு. திருவிழா நடக்கும் ஊருக்குச் சற்று முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கிக் கதிர்களுக்குள் நுழைவார்கள். மலிஞ்சே மலையிலிருந்து இறங்கிய மூடுபனி இடுப்பளவுக்கு நிற்கும். அதற்குள் செல்சோ குனிந்து தலையைக் காட்டுவார். எவோதியோ வெள்ளைத் துணியை இழுத்து, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, இரட்டை முடிச்சுப் போடுவான். ரொட்டி விற்கும் செல்சோ போய் நாரை நிற்கும். பிறகு தம்பி ஆந்தையாவான். ஒருவர் கிழக்கிலிருந்தும் மற்றவர் மேற்கிலிருந்தும் ஊருக்குள் போவார்கள். ஜென்மப் பகை என்று சனங்கள் வழிவிட்டு ஒதுங்கும்.

அப்பா, பெரியப்பா, அத்தை எல்லாருமே குஸ்திக்காரர்கள். யாரும் எந்தக் கம்பெனியிலும் சேர்ந்ததில்லை. தேர்த்திருவிழா, சந்தை, சேவல்கட்டுத் திடல் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய்வந்தார்கள். தலைநகரத்துக் கம்பெனி ஒன்று ஒருமுறை செல்சோவை மட்டும் கூப்பிட்டது.

"ஆந்த இல்லாம நாரை யாரப் போய் ஜெயிக்கும்?" என்று கேட்டுவிட்டு அவர் ரொட்டி வண்டியை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

நாரை நல்லவர் கட்சி. ஆந்தை முரடர் கட்சி. ஆந்தை நடுவரின் முதுகுக்குப் பின்னால் கண்ணில் குத்தும், மடக்கு நாற்காலியால் அடிக்கும், குழந்தைகளைப் பார்த்து முஷ்டியை ஆட்டும். சொந்த ஊரான அபிசாகோவில் முதல் வரிசையில் எப்போதும் பொன்சியானா இருப்பாள். சந்தையில் தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை விற்கிறவள். அவள் தொண்டையைக் கேட்டால் ரயில்கூட நின்றுவிடும் என்பார்கள்.

"நாரையத் தொடாதடா, திருட்டு ஆந்தையே! ஒன்னப் பெத்தவ கோழிக்கூண்டுலயாடா பெத்தா?"

எவோதியோவுக்கு அது தேவாலய மணி மாதிரி. அவள் திட்டாத நாளில் சண்டை சரியாக அமையவில்லை என்று நினைத்துக்கொள்வான்.

பிடிக்குள் இருக்கும்போது அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டது யாருக்கும் தெரியாது. முகமூடியோடு முகமூடி உரசும். நாரையின் துணியில் சோம்பு வாசனை அடிக்கும், காலையில் விற்ற ரொட்டியின் வாசனை. வெளியே கூச்சல் கடல்போல எழுந்து அடங்க, உள்ளே சமையலறை மாதிரி அமைதியாக இருக்கும்.

"அண்ணே, அண்ணி உப்பு வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"அதச் சொல்ற நேரமாடா இது? வலது கையப் பிடி. ம், இப்பத் தூக்கிப் போடு."

"மெதுவாவா?"

"மெதுவாப் போட்டா பொன்சியானா அழுவாளா? ஓங்கிப் போடுடா."

ஒருமுறை செல்சோ மேடையைச் சுற்றிய கயிற்றைத் தாண்டிப் போய் நேராகப் பொன்சியானாவின் மடியில் விழுந்தார். அவள் அந்த வெள்ளைத் தலையைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. மறுநாள் காலை ரொட்டி வண்டிக்காரரிடம் அதைத்தான் சொன்னாள்.

"நாரை மேல என்ன வாசனைங்கற! புண்ணியவான் வாசனை. நீயும்தான் இருக்கியே, நேத்து ரொட்டி காஞ்சு கெடந்துச்சு."

"நாளைக்கு மெத்துனு கொண்டாரேன், அக்கா" என்றார் செல்சோ.

அந்த வருஷ மழைக்காலத்தில் செல்சோவின் இதயம் வீங்கியிருப்பதாக மருத்துவர் சொன்னார். வண்டி மிதிப்பதையே நிறுத்தச் சொன்னார். செல்சோ எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சாம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தம்பியிடம் திரும்பினார்.

"இந்தத் திருவிழாவுல முகமூடிக்கு முகமூடி பந்தயம் வெச்சுரலாம். நான் தோக்கறேன்."

தோற்றவன் அந்த இடத்திலேயே முகமூடியைக் கழற்ற வேண்டும். தன் பெயர், ஊர், எத்தனை வருஷம் குஸ்தி போட்டான் என்று மூன்றையும் உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அந்த முகமூடியை அவன் மறுபடி மாட்ட முடியாது. கடைசிவரை தோற்காதவன் முகமூடியோடு புதைக்கப்படுவான். அப்பா அப்படித்தான் போனார்.

"நீ அப்பா மாதிரி போகணும்ணே" என்றான் எவோதியோ.

"அப்பாவ யாரு பாத்தா? துணியத்தான பாத்தாங்க. வாழ்நாள் பூரா எங்கிட்ட ரொட்டி வாங்கறாங்கடா. ஒருத்தராவது என் மூஞ்சியப் பாத்து, 'அட, நீதானா அது'ன்னு கேக்கணும். ஒரே ஒரு தடவ."

"நீயே சொல்லிரு."

"நாமளாச் சொல்றதாடா அது? தோத்துத்தான் சொல்லணும்."

எவோதியோ சரி என்றான்.

திருவிழா நாளில் வெயில் மஞ்சளாக, தேன் மாதிரி இறங்கியது. ரயில் பட்டறைக்குப் பின்னாலிருந்த, பாதிக்கு மேல் கூரையில்லாத கொட்டகை நிரம்பி வழிந்தது. மேடை ஏறியதும் எவோதியோவுக்குக் கண் துளைகள் வழியே ஒரு பெரிய வெள்ளைப் பறவைதான் தெரிந்தது. அது மெதுவாகச் சுற்றிவந்தது. ஆளுக்கு ஒரு சுற்று ஜெயித்து மூன்றாவதுக்கு வந்தபோது, பிடிக்குள் அண்ணனின் மூச்சு கிழிந்த துருத்தி மாதிரி இருந்தது.

"இப்ப என்னை அமுக்குடா" என்றார் செல்சோ. "நடுவர் மூணு எண்ணட்டும்."

எவோதியோ அண்ணனின் தோள்களை அமுக்கினான். நடுவரின் கை முதல் முறை பாயில் விழுந்தது. கொட்டகை முழுக்க ஒரு விம்மல். "ஐயோ, எந்திரி சாமி, எந்திரி!" என்று பொன்சியானா கத்தினாள். அந்தக் குரலில் திட்டு இல்லை, கெஞ்சல் இருந்தது. வெள்ளைத் துணி நனைந்து மூக்கோடு ஒட்டியிருந்தது. அதைக் கழற்றினால் அண்ணன் அந்த வெயிலிலேயே கரைந்துபோய்விடுவார் என்று எவோதியோவுக்குத் தோன்றியது. அவன் புரண்டான். அண்ணனைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, தோள் இரண்டையும் பாயில் பதித்து அசையாமல் கிடந்தான்.

"என்னடா பண்ற? எந்திரிடா!"

"படுத்திரு அண்ணே."

"மடையா, எந்திரி!"

நடுவர் எண்ணி முடித்தார்.

எவோதியோவின் முடிச்சை நாரைதான் அவிழ்த்தது. அண்ணன் போட்ட முடிச்சு, அண்ணன் விரல்களே அவிழ்த்தன. வெயில் முகத்தில் வந்து அடித்தது.

"எவோதியோ கொர்தேரோ. அபிசாகோ. இருபத்திரண்டு வருஷம்."

"அடப்பாவி! ரொட்டிக்காரன் தம்பி!" என்றாள் பொன்சியானா.

வீட்டில் செல்சோ முகமூடியை மேசைமேல் வைத்தார். மனைவி அம்பாரோ கொடுத்த சூப்பைத் தொடவில்லை.

"மரியாதையா அனுப்பிவெக்கலாம்னு பாத்தேன்" என்றான் எவோதியோ.

"உங்கிட்ட மரியாதையையாடா கேட்டேன்?"

இன்னொரு பந்தயத்துக்கு அந்த இதயம் இடம்கொடுக்கவில்லை. வண்டியை இப்போது எவோதியோ தள்ள, செல்சோ கூடவே நடந்தார். தெருவுக்குத் தெரு அவருக்குத் திட்டு விழுந்தது. அப்பேர்ப்பட்ட நாரையை அடித்தவனுக்கு அண்ணனா நீ, வீட்டில் கண்டித்து வளர்க்கவில்லையா என்று கேட்டார்கள். செல்சோ காகிதத்தில் ரொட்டியைச் சுற்றிக்கொண்டே, "சொன்னா எங்க கேக்கறான்?" என்பார். தம்பியை ஓரக்கண்ணால் பார்ப்பார். பிறகு சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்பில் எவோதியோவுக்கு மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் கேட்டது கிடைக்கவில்லை என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது.

பனி தொடங்கிய ஒரு காலையில் செல்சோ எழுந்திருக்கவில்லை.

சவப்பெட்டியை முன்னறையில் வைத்தார்கள். கூடத்தில் சாமந்தியும் காப்பி வாசனையும். மத்தியானம் சந்தை கலைந்து சனங்கள் வந்தார்கள். நல்ல மனுஷன், சில்லறையில் ஏமாற்றமாட்டான் என்றார்கள். ரொட்டிக்காரரைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பொன்சியானா ஒரு பானைத் தமாலேயோடு வந்தாள். எவோதியோவை முறைத்துவிட்டு அம்பாரோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எவோதியோ உள்ளே போய் வெள்ளை முகமூடியை எடுத்து வந்தான். அம்பாரோ பார்த்தாள். மெல்லத் தலையசைத்தாள்.

சோளக்காட்டில் செய்ததைப் போலவே அண்ணனின் தலையை ஒரு கையால் தூக்கினான். துணியை இழுத்துவிட்டான். கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தான். அறையில் பேச்சு ஒவ்வொன்றாக அணைந்தது. ரொட்டிக்காரரின் முகம் மறைய மறைய, அவர் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துகொண்டே வந்தது. எவோதியோ இரட்டை முடிச்சுப் போட்டு, தலையை மெதுவாகத் திண்டில் வைத்து நிமிர்ந்தான்.

"செல்சோ கொர்தேரோ" என்றான் உரக்க. "அபிசாகோ. முப்பது வருஷம். தோக்கவே இல்ல."

பொன்சியானா எழுந்து வந்தாள். பெட்டிக்குள் குனிந்து மூச்சை இழுத்தாள்.

"சோம்பு" என்றாள். "அட, நீதானா அது? ஒங்கிட்டயா நான் தெனம் காஞ்ச ரொட்டின்னு சண்ட போட்டேன்?"

பிறகு எவோதியோ பக்கம் திரும்பினாள்.

"கூடப் பொறந்தவனையா நாற்காலியால அடிச்ச?"

"அவர்தான் அடிக்கச் சொன்னாரு, அக்கா. உங்களுக்குக் கேக்கறாப்புல."

அவளுடைய உதடு கோணியது. எவோதியோ முகமூடியின் ஓரத்தில் ஒரு சுருக்கத்தைச் சரிசெய்யக் குனிந்தான்.

"நாரையத் தொடாதடா, திருட்டு ஆந்தையே!" என்று அவள் கத்தினாள். கண்ணீர் வழிய, கொட்டகையில் கத்துகிற அதே தொண்டையில். சுவரோரம் நின்ற யாரோ ஒருவர் ஊளையிட்டார். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். அறை முழுக்க, ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள்வரை, ஆந்தையைக் கூவி விரட்டினார்கள்.

எவோதியோ நிமிர்ந்தான். நனைந்த முகத்தோடு அவர்களைப் பார்த்து முஷ்டியை ஆட்டினான்.