முழங்கையைத் தாண்டிய கயிறு

இளைத்தே தீருவது என்ற எண்ணம் எனக்குக் கரும்பு எடைமேடையில் வந்தது. எங்கள் கரும்பு டிராக்டர் எடைக்கு ஏறியபோது, போட்டோ எடுக்கும் ஆசையில் நானும் மேடையில் ஏறி நின்றேன். "கீழ எறங்கு பாப்பா, ஒரு கட்டு கரும்பு ஜாஸ்தி காட்டுது" என்றார் மாமா. டிரைவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சின்னசேலத்தில் வீடு வந்து சேர்வதற்குள் போனில் டயட் ஆப்பை இறக்கிவிட்டேன்.

எதைத் தொட்டாலும் அன்றே முடித்துவிட வேண்டும் எனக்கு. முதலில் சோறு நின்றது. பிறகு இட்லி, முட்டை, தாளித்திருக்கிறார்கள் என்று பருப்பும். மிஞ்சியது வெள்ளரிக்காயும் கிரீன் டீயும். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்துப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பஸ் மலையேறும்போது தலை சுற்றும். வளைவுகளால்தான் என்று நினைத்துக்கொண்டேன். எடை இறங்கிக்கொண்டே வந்தது. பார்த்தவர்கள் பாராட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்து வந்ததை உங்களில் சிலர் அறிந்திருக்கலாம். தலையணையில் காதை வைத்தால், யாரோ கதவைத் தட்டுவதுபோல் என் நெஞ்சுத் துடிப்பு கேட்கும். ஒருநாள் பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த ஒரு கையைப் பார்த்தேன். எலும்பும் நரம்புமாக இருந்தது. யாரோ வயதானவர், இடம் விடலாம் என்று நகர்ந்தேன். கையும் என்னுடன் நகர்ந்தது.

மாதவிலக்கு நின்றது. அம்மா பயந்துபோனார். "எவளோ உன்னப் புடிச்சிக்கினு இருக்கா. சோறு எறங்க வுட மாட்றா" என்று, மந்திரித்த கறுப்புக் கயிற்றை என் மேல்கையில் இறுக்கிக் கட்டினார். நான் தடுக்கவில்லை. எனக்கு அது அளவு நாடா. தளரத் தளரச் சந்தோஷப்பட்டேன். ஒருநாள் காலை பல் தேய்த்துவிட்டுக் கையைத் தொங்கவிட்டபோது கயிறு முழங்கையைத் தாண்டி மணிக்கட்டில் வந்து விழுந்தது. முடிச்சு அவிழவே இல்லை.

"கட்டுன கயித்தையே கழட்டிட்டாளே!" என்று அலறினார் அம்மா.

"இளைச்சிட்டேம்மா!" என்று குதிக்கப் போனேன். தரை காலைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. அப்படியே உட்கார்ந்தேன், எழ முடியவில்லை. அம்மா அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். அவர் சிரமப்படவே இல்லை. எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது அப்போதுதான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் பாடி காம்போசிஷன் பரிசோதனை (உடலில் கொழுப்பு, தசை, நீர் எவ்வளவு எனத் தனித்தனியே பார்ப்பது) செய்தார். அந்த மிஷின் 'உடல் வயது' என்றும் ஓர் எண்ணைக் காட்டியது.

"இன்னாடி, எனக்கே அக்காவாயிட்டியா?" என்றார் அம்மா.

"அத வுடுங்க, அது தோராயக் கணக்கு. தசையப் பாருங்க" என்றார் டாக்டர். "கொழுப்பு கொஞ்சம்தான் போயிருக்கு. தசைதான் நெறைய போயிருக்கு. பட்டினி போட்டா ஒடம்பு தன்னையே தின்னுக்கும்மா."

"அப்போ, அவ இல்லீங்களா?"

"யாருங்க?"

அம்மா என்னையே பார்த்தார். தின்றவளின் பெயர் எனக்குத் தெரியும். ஆசிரியர் வருகைப் பதிவில் தினமும் நான் கையெழுத்தாகப் போடும் பெயர்தான்.

சோற்றைக் கண்டதும் பாய வேண்டாம் என்று எச்சரித்தார் டாக்டர். ரீஃபீடிங் சிண்ட்ரோம் (நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தின் உப்புகள் தடுமாறுவது) உயிரையே எடுக்குமாம். உங்களில் யாராவது இந்த நிலையில் இருந்தால், டாக்டர் சொல்லும் அளவில் மட்டும் தொடங்குங்கள். எனக்குக் கஞ்சியில் தொடங்கி, பருப்பு, முட்டை, சாமைச் சோறு என்று மெல்ல ஏறியது. நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து எழும் பயிற்சியும் உண்டு. மாதவிலக்கு திரும்பிவிட்டது. எடை ஏறும்போது மட்டும் இன்னும் நெஞ்சு திக்கென்கிறது.

வரும் திங்கட்கிழமை விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்புகிறேன். பஸ்ஸிலிருந்து கடைசி வளைவிலேயே இறங்கி, மிச்ச ஏற்றத்தை நடந்து பார்க்கப்போகிறேன். "நானும் வரேன்" என்றார் அம்மா, வேண்டாம் என்றேன். இப்போதெல்லாம் நான் நினைத்த கணத்தில் கால் எழுவதில்லை. உடம்பு எனக்குச் சற்றுப் பின்னால் வருகிறது. முன்பென்றால் விட்டுவிட்டு ஓடியிருப்பேன். இனி ஒவ்வோர் அடிக்கும் நின்று, அது வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.