மயங்கி விழுந்தால் யாருக்குச் சொல்வது?

லாட்ஜ் மாடிப்படியில் நான் மயங்கி விழுந்த மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். எனக்கு ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்வதென்றே அங்கே ஒருவருக்கும் தெரியவில்லையாம். இரண்டு பேருடைய போன் நம்பர் எழுதிய சீட்டு இல்லாமல் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று தெலுங்கில் கறாராகச் சொல்லிவிட்டார்.

இதென்ன பெரிய காரியம் என்றுதான் திருப்பதியில் எங்கள் வாடகை வீட்டுக்குத் திரும்பினேன். மகளின் பழைய நோட்டு அட்டையை வெட்டி, மேலே 'அவசரத்துக்கு' என்று எழுதினேன். லாட்ஜுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. அதோடு பேனா நின்றுவிட்டது.

கணவர் குவைத்தில். அவர் அனுப்பிய பணத்தில்தான் வீட்டுக்கே போன் வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் பூத்திலிருந்து அவர் கூப்பிடுவார். நாங்கள் கூப்பிட அவருக்கு நம்பர் கிடையாது.

ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருந்த தம்பியைப் போனில் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"அட போக்கா, இங்க கம்பெனில உன் நம்பரத்தான் குடுத்துக்கீறேன். எனக்கு எதுனா ஆனா உனக்குத்தான் போன் வரும்."

"எனக்கு ஆனா?"

"ஷிப்டுல இருந்தா போன் எடுக்க உடமாட்டாங்களே..." என்று இழுத்தான்.

நாகலாபுரத்தில் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பக்கத்துக் கடை போன்தான். கடைக்காரர் போய்ச் சொல்ல, மூச்சிரைக்க ஓடிவந்து, "யாருக்கு என்னாச்சிம்மா?" என்றார். ஒன்றும் ஆகவில்லை, சீட்டு எழுதுகிறேன் என்றால் அவருக்கு விளங்கவில்லை.

"எங்களுக்கு ஒண்ணுன்னா உனக்குச் சொல்லச் சொல்லி கடையில எழுதிக் குடுத்துக்கீறேனே. அது போதாதா?"

போனை வைத்த பிறகு எனக்கு ஒன்றுமே புரியவில்லை. எல்லாருடைய சீட்டிலும் நான் இருக்கிறேன். என் சீட்டில் எழுத ஆள் இல்லை. கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவர்கள் யாரும் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை, பிழைக்கப் போனார்கள். நைனா போகக்கூட இல்லை, இருந்த இடத்தில்தான் இருக்கிறார்.

வேறு வழி தெரியாமல் எங்கள் வீட்டு நம்பரையே எழுதினேன். பக்கத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்தாள். அப்போது அவள் ஏழாவது.

"இது நம்ம நம்பராச்சே! நீ அங்க உழுந்துட்டா இங்க யாரும்மா எடுப்பாங்க?"

என் கையிலிருந்து சீட்டை வாங்கிக்கொண்டாள்.

"சரி, நான் எடுக்கறேன். ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் ஏறணும், எங்க எறங்கணும்? அதையும் எழுதிக் குடு."