வான்கோழியும் சைவச் சட்டியும்

கனடாவின் கலண்டருக்கும் எங்கள் கலண்டருக்கும் ஜென்மப் பகை. புரட்டாதியில் இலைகள் நிறம் மாறத் தொடங்கினால் மார்கழி முடியும்வரை இந்த ஊரில் விருந்துதான். எங்கள் விரதங்களும் சரியாக அந்த மாதங்களுக்குள்தான் வந்து நெருக்கியடிக்கும். விளைச்சலுக்கு நன்றி சொல்லி வான்கோழி சுடுகிற தாங்ஸ்கிவிங் விருந்தைச் சனிக்கிழமை வைத்தால் அது புரட்டாதிச் சனியாக இருக்கும். ஹலோவீனுக்குப் பிள்ளைகள் கதவைத் தட்டும்போது நான் கந்தசஷ்டி உபவாசம் இருந்துகொண்டு பசியோடு சொக்லேட் பங்கிடுவேன். நத்தார் என்கிற கிறிஸ்மஸ் வந்தால் திருவெம்பாவை விரதம். முன்பெல்லாம் இது ஒரு பிரச்சினையே இல்லை. வான்கோழி எங்களைத் தேடி வரவில்லை, நாங்களும் அதைத் தேடிப் போகவில்லை.

மகள் கலியாணம் கட்டிய பிறகுதான் அது எங்கள் குடும்பத்துக்குள் வந்தது. மருமகன் இந்த நாட்டு வெள்ளைக்காரப் பிள்ளை. நல்ல பிள்ளை, என் கத்தரிக்காய்க் குழம்பைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சாப்பிடுவார். அவருடைய அம்மா, என் சம்பந்தி, ஓய்வுபெற்ற தாதி. சமையலறையில் அடுத்தவர் சொல் கேட்காத விசயத்தில் அவரும் என்னைப் போலத்தான். ஆளுக்கொரு பிள்ளைதான் எங்கள் இருவருக்கும்.

போன வருடத் தாங்ஸ்கிவிங்குக்கு அவர் வீட்டில் விருந்து. எனக்கு மச்சம் ஆகாது என்று மகள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். மீன், இறைச்சி எல்லாவற்றையும் சேர்த்து நாங்கள் மச்சம் என்போம். "இதில் இறைச்சியே இல்லை, பாணும் செலரியும் வெங்காயமும்தான்" என்று சம்பந்தி ஒரு கோப்பையை என் முன்னால் வைத்தார். ஸ்ரஃபிங் என்றார்கள், பாண் ரொட்டியைப் பிய்த்துச் செய்வது. பாணும் செலரியும்தான், பொய்யில்லை. ஆனால் வான்கோழியின் வயிற்றுக்குள் இருந்து அதை அவர் கரண்டியால் தோண்டி எடுத்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தேன். பைக்குள் இருந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, கொண்டுபோன புட்டைச் சாப்பிட்டேன். சம்பந்தி அந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கேக் வெட்டும்வரை வெளியே வரவில்லை.

அதன் பலன் கார்த்திகையில் கிடைத்தது. மகள் ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியிருந்தாள். முதல் நத்தாருக்கு இரண்டு பக்கத்தாரையும் ஒரே மேசையில் இருத்திச் சாப்பாடு போட வேண்டும் என்று கோடையிலிருந்தே கனவு கண்டுகொண்டிருந்தவள். ஒருநாள் ரூஜில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

"அம்மா, மாமியாக்கள் தங்கட வீட்டிலயே தனியாச் செய்யப் போயினமாம். நத்தாருக்கு நாங்கள் அங்க போறம். உங்களிட்ட அடுத்த நாள் வாறம்."

"ஏனாம்?"

"ஏனோ? நீங்கள் பொக்ஸைத் திறந்த விதம். ஷீ வாஸ் ஸோ ஹேர்ட், அம்மா."

"வயித்துக்குள்ள இருந்து எடுத்ததை என்னைத் தின்னச் சொல்லுறியோ?"

"அது இல்ல அம்மா. இந்த வருசம் ரெண்டாப் பிரிஞ்சா, இனி எல்லா வருசமும் ரெண்டுதான்."

அவள் சொன்னது சரி. அப்படிப் பிரிந்த வீடுகள் எனக்குத் தெரியும். முதலில் நத்தார் பிரியும், பிறகு பிறந்தநாள் பிரியும், கடைசியில் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முறை போட வேண்டிவரும். எனக்குக் கோபம் சட்டென்று வரும், பயம் இலேசில் வராது. அன்றைக்குப் பயம் வந்தது.

"நீர் இந்த முறை மட்டும் திருவெம்பாவையை விடுமன்" என்றார் என் கணவர்.

"சம்பந்திக்காகச் சிவனைப் பகைக்கேலாது. சிவனுக்காகச் சம்பந்தியையும் பகைக்கேலாது. நீங்கள் சும்மா இருங்கோ" என்றேன்.

மகள் போனதும் சம்பந்திக்கு நானே போன் எடுத்தேன். என் இங்கிலீஷ் பக்டரியில் பழகியது. நேராகப் போகும், வளைந்து நெளியத் தெரியாது. எங்கள் வீட்டில் சைவச் சட்டி வேறு, மச்சச் சட்டி வேறு, ஒன்றின் கரண்டி மற்றதற்குள் போகாது, வான்கோழி வயிற்றுக்குள் வெந்தது எனக்கு வான்கோழிதான் என்று சொல்லி முடித்தேன். சம்பந்தி திருப்பிக் கேட்டார்.

"ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

"விருந்துக்குப் போன இடத்தில் சொன்னால் மரியாதை இல்லை."

"பெட்டியைத் திறந்தது மரியாதையா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு இந்த மனுசியைப் பிடித்துப்போனது. "சரி, நான் மகன் வீட்டுக்கே வருகிறேன். ஸ்ரஃபிங்கை என்னிடம் விடுங்கள்" என்றார்.

நத்தார் மத்தியானம் சம்பந்தி ஒரு புதுச் சட்டியோடு வந்து இறங்கினார். கடை ஸ்ரிக்கர்கூடப் பிடியில் அப்படியே இருந்தது. "இதில் ஒருநாளும் இறைச்சி பட்டதில்லை. கரண்டியும் புதிது" என்று மேசையில் வைத்தார். மகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மாப்பிள்ளை பார்க்க வந்த அன்றுகூட யாரும் அப்படிப் பூரித்திருக்க மாட்டார்கள்.

மூடியைத் திறந்தார். விரத காலத்தில் என் மூக்கு பொலிஸ் நாயின் மூக்கு. பாண் வாசம், வெண்ணெய் வாசம், அதற்கு அடியில் கோழிச்சாறு.

மகள் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். அவள் பூரிப்பெல்லாம் வடிந்துபோனது. என் கணவர் முகட்டைப் பார்த்தார். ஒரு வாய் விழுங்கியிருக்கலாம், சிவன் மன்னித்திருப்பார். ஆனால் எனக்கென்று புதுச் சட்டி வாங்கி வந்தவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. அதுவுமில்லாமல், இந்த வருடம் விழுங்கினால் வருடா வருடம் விழுங்க வேண்டும்.

"இதற்குள் கோழிச்சாறு இருக்கிறது" என்றேன்.

சம்பந்தி சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெட்டியில் வாங்குகிற சாறு. அது இறைச்சி என்று எனக்குத் தோன்றவே இல்லை" என்றார். காது இரண்டும் சிவந்துவிட்டன. மகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சம்பந்தி சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, "நல்ல காலம், இந்தமுறை வாயால் சொன்னீர்கள். இந்த வீட்டில் பாண் இருக்கிறதா?" என்று கேட்டார்.

சட்டியில் இருந்தது மருமகனின் கோப்பைக்குப் போனது. சட்டியைத் தேய்த்து, மஞ்சள்தண்ணீர் விட்டுக் கழுவினால் சரி என்று நான் தீர்ப்புச் சொன்னேன். சிவன் மறுப்புத் தெரிவிக்கவில்லை. சம்பந்தி பாணைக் கிழித்துப் போட, நான் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் போட்டேன். வான்கோழி ஆறிப்போனது, ஆண்கள் பசியில் முழுசினார்கள், நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. சம்பந்தி கறிவேப்பிலையைக்கூட ஒதுக்கி வைக்கவில்லை. இரண்டாம் தரமும் எடுத்துச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடிந்து கோப்பைகளை ஒதுக்கும்போது, மகள் அந்தச் சட்டியை எடுத்து வான்கோழித் தட்டோடு ஒன்றாகக் கழுவும் மெஷினுக்குள் வைக்கப் போனாள். இங்கே பிறந்த பிள்ளை, நான் எத்தனை தரம் சொல்லியும் காதில் ஏறாதது. சம்பந்தி பாய்ந்து போய்ச் சட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

"இதை அதோடு சேர்க்காதே. இது உன் அம்மாவின் சட்டி."

கையாலேயே கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு, "இது எந்த அலுமாரிக்குள்? அடுத்த நத்தாருக்கு வந்து நான் தேடிக்கொண்டு நிற்க மாட்டேன்" என்றார்.

மகள் அலுமாரிக்குள் ஒரு தட்டை ஒதுக்கிக் கொடுத்தாள். ஒதுக்கும் சாட்டில் எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் நின்று அழுதாள்.